சித்தப்பா பின்லாந்துக்குப் போனது

எங்கள் வீட்டில் சந்தேகப்படுவதை ஆளுக்கு ஆள் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். தபாலில் வருவதைச் சந்தேகிப்பது அப்பாவின் பொறுப்பு. தொலைபேசியில் கேட்கும் பழக்கமில்லாத குரல்களை அம்மா பார்த்துக்கொண்டார். சித்தப்பா எல்லாவற்றையும் சந்தேகித்தார். ஆனால் வாய் திறந்து சொல்லமாட்டார். எனக்கு மிச்சம் இருந்தது அவர்கள் மூவரும்தான். ஆகவே நான் அவர்களைச் சந்தேகித்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் என்ற நகரத்தில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் காலை முறை வேலை செய்தார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. ஊரில் சண்டை முடிந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு எப்படியோ எங்களிடம் வந்து சேர்ந்தவர். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் "பிளேனில" என்பார். அதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போய்விடுவார்.

வீட்டில் ஒழுங்காக ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த ஆள் நான்தான். அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் குசினி மேசையில் என்னை உட்காரவைத்து உறையைப் பிரித்துத் தருவார்கள். சித்தப்பாவின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். நிராகரிப்பு என்ற சொல் எனக்குத் தமிழில் அப்போது தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாமாம்" என்று சொன்னேன். சித்தப்பா தலையை ஆட்டினார். அப்பா, "இன்னொருக்கா வாசி பிள்ளை" என்றார். இன்னொரு முறை வாசித்தேன். வேண்டாமாம் என்றுதான் இருந்தது.

அந்தப் பெப்ரவரியில் எங்கள் வகுப்பு ஆசிரியை ஐரோப்பிய நாடுகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எந்த நாடு வருகிறதோ அந்த நாட்டை யார் ஆள்கிறார்கள், பாராளுமன்றம் எப்படி, கொடி என்ன, அரச சின்னம் என்ன, தேசியப் பறவை என்ன என்று ஒரு பெரிய சுவரொட்டி தயாரிக்க வேண்டும். பிறகு வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். எனக்கு இத்தாலி வேண்டியிருந்தது. இத்தாலி எனக்குப் பக்கத்தில் இருந்தவளுக்குப் போனது. டின்னை ஆசிரியை குலுக்கிய விதத்திலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது. என் சீட்டில் பின்லாந்து என்று எழுதியிருந்தது.

நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். பின்லாந்து ஒரு குடியரசு. அரசன் இல்லை. ஒரு சனாதிபதி இருக்கிறார். பாராளுமன்றத்தில் இருநூறு பேர். வெள்ளைக் கொடியில் நீலச் சிலுவை. வெள்ளை பனிக்கு, நீலம் ஏரிகளுக்கு. பறவை, பாடும் அன்னம். விலங்கு, கரடி. இதெல்லாம் வரைவதற்குச் சுலபம். நான் முழு மூச்சாக உழைத்தது அரச சின்னத்தில்தான். சிவப்பு நிலத்தில் பொன் நிறச் சிங்கம் ஒன்று, முடி தரித்துப் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன்கால் ஒன்று கவசம் போட்ட மனிதக் கை. அந்தக் கையில் ஓங்கிய வாள். சுற்றிவர ஒன்பது வெள்ளி ரோசாப்பூக்கள். சிங்கத்தை என் தலையளவு பெரிதாக வரைந்தேன். பிடரிக்கு மட்டும் ஒரு மஞ்சள் பேனை முழுவதும் தீர்ந்தது. காயட்டும் என்று வரவேற்பறைச் சுவரில் சோபாவுக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

அன்று சனிக்கிழமை. பின்னேரம் நடந்துவிட்டு வந்த சித்தப்பா அறை வாசலிலேயே நின்றுவிட்டார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. பாராட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் சிங்கத்தையே பார்த்துக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து வந்தார். சுவரைப் பார்த்தவர் முதலில் செய்தது யன்னல் சீலையை இழுத்து மூடியதுதான். எதிர்க் கட்டடத்திலும் தமிழ் ஆட்கள் இருந்தார்கள். பிறகு படுத்திருந்த அப்பாவை எழுப்பினார்.

"ஆர் உனக்கு இதைக் கீறச் சொன்னது?" என்று அப்பா கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் கேட்டால்தான் எனக்குப் பயம்.

"ரீச்சர்."

"இந்தச் சிங்கத்தைத்தான் கீறச் சொன்னவவோ?"

"ஓம். இது பின்லாந்தின்ரை சிங்கம் அப்பா."

"பின்லாந்தில ஏது சிங்கம்? அங்கை முழுக்கப் பனியெல்லே."

உண்மையில் அதே கேள்வி எனக்கும் இருந்தது.

அவர்கள் விட்டுவந்த நாட்டின் கொடியிலும் ஒரு சிங்கம் இருக்கிறது. அதுவும் பொன் நிறம். அதன் பின்னாலும் செம்மை. அதன் கையிலும் வாள். ஜெர்மனியில் பிறந்த நான் அந்தக் கொடியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்குள் அது வந்ததே இல்லை. சித்தப்பா பார்த்திருந்தார். சண்டை முடிந்ததும் அவரைப் பிடித்து மாதக்கணக்கில் வைத்திருந்த இடத்தின் வாசலில் அது பறந்துகொண்டிருந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு நாள் வரைந்த என் சிங்கத்தை அப்பா மெல்ல உரித்துச் சுருட்டி அலுமாரியின் மேல் வைத்துவிட்டார் என்பதுதான்.

நூலகப் புத்தகத்தை அவர் வாங்கிப் பார்த்தார். சிங்கம் இருந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் பின்பக்கம் புரட்டி யார் அச்சடித்தது என்று தேடினார். திருப்தி வரவில்லை. திங்கட்கிழமை ஆசிரியையிடம் ஒரு டெர்மின் கேட்டு வரும்படி சொன்னார். சந்திப்புக்கு நேரம் குறிப்பதற்கு எங்கள் வீட்டில் தமிழ்ச்சொல் கிடையாது. டெர்மின் என்றாலே எல்லோரும் சட்டையை இஸ்திரி போடத் தொடங்குவார்கள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பாவும், மொழிபெயர்க்க நானும், வகுப்பறையின் சின்னக் கதிரைகளில் ஆசிரியைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

"ஏன் என்ரை பிள்ளைக்குப் பார்த்து இந்தச் சிங்கத்தைக் குடுத்தனீங்கள் எண்டு கேள்" என்றார் அப்பா.

நான் ஆசிரியையிடம், "அப்பாவுக்குப் பின்லாந்து நல்லாப் பிடித்திருக்கிறது. சிங்கத்தைக் கட்டாயம் வரைய வேண்டுமா என்று கேட்கிறார்" என்று சொன்னேன்.

ஆசிரியை மகிழ்ந்துபோனார். பிஸ்கட் டின்னைத் திறந்து சீட்டுகளைக் காட்டினார். பிறகு ஐரோப்பாவின் அரச சின்னங்கள் எல்லாம் அச்சிட்ட ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தார். அப்பா குனிந்து பார்த்தார். பெல்ஜியத்தில் சிங்கம். ஒல்லாந்தில் சிங்கம். செக் நாட்டில் சிங்கத்துக்கு இரண்டு வால். விரலை நகர்த்திக்கொண்டே போனவர் நோர்வேயில் வந்து நின்றார்.

"இதுவும் சிங்கமோ?"

"ஓம் அப்பா. கோடாலியோடை நிக்குது."

பெரியப்பா குடும்பம் நோர்வேயில்தான் இருந்தது. அப்பா நெடுநேரம் அந்தக் கோடாலியைப் பார்த்தார். இத்தனை வருடமாகச் சிங்கங்களுக்கு நடுவில்தான் தஞ்சம் புகுந்து இருந்திருக்கிறோம் என்பது அவருக்குப் பெரிய அதிர்ச்சி. ஆசிரியைக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். வெளியே வந்ததும், "மனுசி நல்ல மனுசிதான். ஆனாலும் நீ கவனமாயிரு" என்றார்.

சிங்கம் அலுமாரியிலிருந்து இறங்கியது. ஆனால் சித்தப்பா வரவேற்பறைக்குள் வரவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு அறைக்குள்ளேயே கொண்டுபோனார். மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. சுவரொட்டியை அவருடைய அறைக்கே எடுத்துப்போய்க் கட்டிலில் விரித்தேன்.

"சித்தப்பா, இது வேறை சிங்கம். வடிவாப் பாருங்கோ. காலுக்குக் கீழை என்ன கிடக்குது?"

அவர் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். "வாள்."

அது உண்மை. பின்லாந்துச் சிங்கம் ஒரு வாளை ஓங்கியிருக்கும். வளைந்த இன்னொரு வாளைப் பின்னங்கால்களால் மிதித்துக்கொண்டு நிற்கும்.

"ஏன் மிதிச்சுக்கொண்டு நிக்குது?"

புத்தகம் அதைப் பற்றி எனக்கு விளங்குகிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா மூன்று நாளுக்குப் பிறகு இப்போதுதான் ஒரு முழுக் கேள்வி கேட்டிருந்தார். அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

"அது வந்து... ஓடி வந்த ஆக்களை அந்த நாட்டில திருப்பி அனுப்பமாட்டினம். அதுக்கு அடையாளம்."

சித்தப்பா படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "புத்தகத்தில போட்டிருக்கோ?"

"ஓம்."

இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் கையாலேயே அந்தச் சுவரொட்டியைத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். நான் வெற்றியோடு வெளியே வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மஞ்சள் உறை வந்தது. மஞ்சள் உறையில் வருவதெல்லாம் நீதிமன்றக் காரியம் என்று எனக்குத் தெரியும். வழக்கம்போலக் குசினி மேசையில் போய் உட்கார்ந்தேன். அப்பா உறையைப் பிரிக்கவில்லை. ஜாக்கெட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்பா, வாசிக்கிறேல்லையோ?"

"நீ போய் வீட்டுப்பாடத்தைச் செய்."

பான் நகரத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் மாணவரிடம் அதைக் கொண்டுபோனார் என்பதை அம்மா தொலைபேசியில் கதைத்ததிலிருந்து பொறுக்கி எடுத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று வருடமாக இந்த வீட்டுக் கடிதங்களை வாசிக்கிறவள் நான். திடீரென்று என்னை நம்பவில்லை. நான் எங்காவது போய்ச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறார்கள். அப்படியானால் சொல்லக்கூடாத ஏதோ நடக்கிறது. ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் கவனித்தவற்றை எழுதத் தொடங்கினேன்.

முதலில் எழுதியது சித்தப்பாவைப் பற்றித்தான். அதுவரை என் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடக் கேட்காத மனிதர், ஒவ்வொரு பின்னேரமும் என்னைக் கூப்பிட்டு வைத்துப் பின்லாந்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

"சனாதிபதி எத்தினை வருசத்துக்கு?"

"ஆறு வருசம்."

"அவர் சொன்னால் பாராளுமன்றம் கேக்குமோ?"

"எல்லாத்துக்கும் கேக்காது. பிரதமரைப் பாராளுமன்றம்தான் தெரிவுசெய்யிறது."

"இருநூறு பேரிலை பொம்பிளையளும் இருக்கினமோ?"

"நிறைய. ஐரோப்பாவிலேயே முதல்முதலா அங்கைதான் பொம்பிளையள் வோட்டுப் போட்டவை."

"நல்ல நாடு" என்பார். பிறகு அதை நான் பேச வேண்டிய பேச்சாக முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்பார். எங்கேயாவது தடுமாறினால் திருத்துவார். சுதந்திர தினத்தன்று சனாதிபதி விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பார் என்ற இடம் வந்தால் மட்டும், "எல்லாருக்குமோ?" என்று மறுபடி கேட்பார்.

பிறகு நூலகப் புத்தகம் காணாமல் போனது. சித்தப்பாவின் தலையணைக்குக் கீழே கண்டெடுத்தேன். வரைபடம் இருந்த பக்கத்தில் ஒரு பஸ் டிக்கட் செருகியிருந்தது. ஜெர்மன் துறைமுகமான லூபெக்கிலிருந்து பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி வரை கடலின் மேல் பென்சிலால் ஒரு கோடு. நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிற அளவுக்குத் துணிந்த மனிதர் வேறு என்னதான் செய்யமாட்டார்! நான் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. சாட்சியம் என்று விட்டுவைத்தேன்.

ஒரு நாள் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று "கீட்டோஸ், கீட்டோஸ்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்லாந்து மொழியில் நன்றி என்று பொருள்; என் சுவரொட்டியின் அடியில் நானே எழுதியிருந்தேன். அப்பா காதை மூடுகிற கம்பளித் தொப்பி ஒன்று வாங்கி வந்தார். அவரிடம் தொப்பி இருந்தது. எனக்கும் இருந்தது. கொப்பியின் பக்கம் நிரம்பியது.

என் பேச்சுக்கு வகுப்பில் ஒன்று கிடைத்தது. ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் ஒன்றுதான் ஆகச் சிறந்த புள்ளி. அன்று பின்னேரம் சுவரொட்டியைச் சித்தப்பாவின் அறைச் சுவரிலேயே திரும்ப ஒட்டி, அவரிடம் புள்ளியைச் சொல்லிவிட்டு, நேரே கேட்டேன்.

"நீங்கள் பின்லாந்துக்குப் போகப் போறியள், என்ன?"

அவர் திடுக்கிட்டார். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். தலையணை, பென்சில் கோடு, தொப்பி, கண்ணாடி. கேட்டு முடித்ததும் அவர், "உன்னட்டை ஒண்டையும் ஒளிக்க ஏலாது" என்றார். என் வாழ்க்கையில் அதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுச் சித்தப்பா புறப்பட்டார். ஒரு முதுகுப் பை. வெளியே நல்ல வெயில். அவர் அந்தக் காதுமூடித் தொப்பியைப் போட்டிருந்தார். அம்மா அவரோடு கதைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுகளைக் கழுவினார். போகிற மனிதரோடு என்ன கோபம் என்று நான் யோசித்தேன். வாசலில் அவர் குனிந்து என் தலையில் கைவைத்து, "போட்டு வாறன்" என்றார். அப்பா அவரை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்.

ஒன்பதோ பத்தோ நாள் போயிருக்கும். பள்ளிக்குப் புறப்படுகிற நேரம், ஏழு மணியளவில், கதவு மணி அடித்தது. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா கதவின் துளையால் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திறந்தார். வெளிநாட்டவர் அலுவலகத்து அதிகாரிகளான ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சித்தப்பாவின் முழுப் பெயரையும் அந்தப் பெண் சொன்னார். எங்கள் பெயர்களைச் சொல்ல வெள்ளைக்காரர்கள் படுகிற பாடு எதுவும் இல்லாமல், பழகிப்போனவர் போலச் சரியாகச் சொன்னார்.

அம்மாவுக்கு அவ்வளவு ஜெர்மன் வராது. என்னைக் கூப்பிட்டார்.

"சித்தப்பா எங்கை எண்டு கேக்கினம் அம்மா."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கதவின் பிடியைப் பார்த்துக்கொண்டு, "உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு பிள்ளை" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அந்த மனிதர் கேட்டார். நான் கொப்பியை எடுத்துவரவில்லை. எல்லாம் மனப்பாடமாகவே இருந்தது. தலையணைக்குக் கீழே புத்தகம், லூபெக்கிலிருந்து கோடு, தொப்பி. ஏன் பின்லாந்து என்று அந்தப் பெண் கேட்டபோது அவரைச் சித்தப்பாவின் அறைக்குக் கூட்டிப்போனேன். கட்டில் வெறுமையாக இருந்தது. சுவரில் என் சுவரொட்டி மட்டும். இருநூறு பேர் கொண்ட பாராளுமன்றத்தையும், ஆறு வருடச் சனாதிபதியையும், பாடும் அன்னத்தையும் சொன்னேன். பதற்றத்தில் என்னால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் சிரித்தார். "நீ நிறையத் தெரிந்து வைத்திருக்கிறாய்" என்றார். அந்த மனிதர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இருவரும் அம்மாவுக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

அவர்களுடைய காலடிச் சத்தம் இரண்டாம் மாடியைத் தாண்டும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது. நான் சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் கள்ளனை மன்னிப்பார்கள், பொய்யனை மன்னிப்பார்கள். காட்டிக்கொடுக்கிறவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அப்பாவின் குரலே மாறிவிடும். ஊரில் யாரோ ஒருவர் ஒரு வீட்டைக் கைகாட்டியதால் போனவர்கள் எத்தனை பேர் என்று பெரியவர்கள் கதைத்துக் கேட்டிருக்கிறேன். நான் வீட்டை மட்டுமா காட்டினேன்? நாட்டையே காட்டினேன். துறைமுகத்தின் பெயரோடு காட்டினேன்.

அம்மா அப்பாவிடம் சொல்லியிருப்பார். அப்பா என்னை ஏசவில்லை. இரவு சாப்பாட்டில் என் தட்டில் பொரித்த முட்டை வைத்தார். அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. பெரிய தண்டனை பின்னால் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த இரண்டு மாதம் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஹெல்சிங்கியில் அவரைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வகுப்பில் சுவரொட்டிகளை மறுபடி காட்சிக்கு வைக்கப்போகிறோம் என்றார்கள். என்னுடையது கிழிந்துவிட்டது என்று ஆசிரியையிடம் சொன்னேன். அப்படிச் சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து அதைக் கிழித்தேன்.

மே மாதத்தில் ஒரு பின்னேரம் பள்ளியால் வந்தபோது சித்தப்பா குசினி மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"உங்களைப் பிடிச்சுக்கொண்டு வந்தவையோ?"

"இல்லைப் பிள்ளை. திருப்பி அனுப்பிறதைக் கோர்ட்டு நிப்பாட்டி வைச்சிருக்குது. டொக்டரின்ரை கடிதம் ஒண்டு குடுத்தது. அதாலை வந்தனான்."

எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் விசாரணை தொடங்கியது. பாராளுமன்றம் பார்த்தீர்களா? பார்த்தாராம், முன்னால் பெரிய பெரிய தூண்களாம். எத்தனை பேர்? இருநூறு பேராம். அன்னம் பாடுமா? பாடுமாம். சனாதிபதி? தூரத்தில் கண்டாராம், யாருக்கோ கைகொடுத்துக்கொண்டு நின்றாராம். நான் எழுதியது ஒன்றுகூடப் பிழையாகவில்லை. கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அங்கை ஆக்களைத் திருப்பி அனுப்பமாட்டினம்தானே?"

"மாட்டினம். நீ சொன்ன மாதிரித்தான்."

"அப்ப ஏன் திரும்பி வந்தனீங்கள்?"

"நல்ல அரிசி இல்லை" என்றார் சித்தப்பா.

என் கற்பனையிலிருந்து வந்த ஒரு சங்கதி நிசத்திலும் அப்படியே இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். அன்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் உயிரோடு எதிரே இருந்த மகிழ்ச்சியில் அதற்கு இடமில்லை.

சித்தப்பாவுக்குப் பிறகு வதிவிட அனுமதி கிடைத்தது. இப்போது ட்ராம் ஓட்டுகிறார். கல்யாணம் செய்து ஒரு மகனும் இருக்கிறான். சென்ற வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். படிவம் நிரப்புவது இன்றும் என் வேலைதான். அவருடைய வீட்டு மேசையில் உட்கார்ந்து, வெளிநாடுகளில் தங்கியிருந்த காலம் என்ற கட்டத்தில் பின்லாந்து, இரண்டு மாதம் என்று எழுதினேன்.

"உந்த வரியை வெட்டு" என்றார்.

"உண்மையைத்தானே எழுத வேணும் சித்தப்பா."

"உண்மையைத்தான் எழுதச் சொல்லுறன். நான் பின்லாந்துக்குப் போகேல்லை."

பேனையைக் கீழே வைத்தேன். அவர் பான் நகரத்தில் இருந்தாராம். சட்டம் படித்த அந்த மாணவரின் அறையில், ரயிலில் எங்களிடமிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில். மஞ்சள் உறையில் வந்தது, திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற கடிதம். சித்தப்பாவின் வழக்கறிஞர் மறுபடி நீதிமன்றம் போக அவகாசம் வேண்டியிருந்தது. எப்படியும் வீட்டுக்கு ஆள் வரும், வந்தால் கதவடியில் பேசப்போவது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

"உன்னட்டைப் பொய் சொல்லு எண்டு கேக்க ஏலாது. பொய் சொன்னால் உன்ரை காது சிவக்கும். அந்த வாளை மிதிச்சுக்கொண்டு நிண்டதுக்கு ஒரு கதை சொன்னனீயே, அண்டைக்கே கண்டனான். அதாலை உனக்கு ஒரு உண்மையைச் செய்து தர வேண்டியிருந்தது."

தலையணைக்குக் கீழே புத்தகம். கடலின் மேல் கோடு. திறந்த கதவுக்குள் குளியலறைக் கண்ணாடி. நான் கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் நான் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் வைத்திருந்தார்கள். யாருக்கும் சொல்லாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வீட்டிலேயே பெரிய சந்தேகக்காரியான நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. கோபம் வந்தது. இரண்டு மாதம் நான் பட்டது இவருக்குத் தெரியுமா என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது. எது முதலில் வெளியே வந்ததோ தெரியாது.

"அண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்றார் சித்தப்பா. "பிள்ளையை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ எண்டு சொன்னவ. கடைசி வரைக்கும் என்னோடை கதைக்கேல்லை."

அந்தக் காலையில் நடந்த ஒன்றை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லும்படியாக அதில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு அதிகாரிகளும் படியிறங்கிப் போன பிறகு அம்மா என்னைக் கதிரையில் உட்காரவைத்தார். ஏற்கெனவே வாரிப் பின்னியிருந்த என் தலையை அவிழ்த்தார். மறுபடி முதலிலிருந்து வாரத் தொடங்கினார். ஒரு முடிகூட இழுபடாமல், மிக மெதுவாக. பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகிறது என்று நான் சிணுங்கினேன். "கொஞ்சம் இரு" என்றார். பின்னி முடித்து, நாடா கட்டி, அது சரியில்லை என்று திரும்பவும் அவிழ்த்தார். காலையில் அவசரத்தில் வளைத்துப் பின்னிவிட்டார் போல என்று எண்ணிக்கொண்டு, முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி நான் பொறுமையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா எனக்குப் பின்னால் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.